கரணையைத் தூக்கும் முன்பு கொஞ்சம் நில்லுங்கள்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் பேரவை நோட்டீஸ் ஒட்டிய அன்றைக்கு, "பாரம்பரியச் சின்னங்களைக் காப்போம்னு ஒன்னு எழுதிக் குடுறா. ஒருத்தனும் படிக்க மாட்டாய்ங்க, ஆனா கண்டிப்பா போட்ருவாய்ங்க" என்று யோசனை சொன்னான் என் பெஞ்ச் நண்பன். அவன் கிண்டலில் நியாயம் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் இருந்து இந்தத் தலைப்பில் நாம் எழுதாத கட்டுரையா? முன்னுரையில் தாஜ்மகால், நடுவில் பிரமிடும் சீனப் பெருஞ்சுவரும், முடிவுரையில் "காப்பது நம் கடமையாகும்". பத்துக்கு ஏழு மார்க். அதோடு நம் கடமை முடிந்தது!

அதனால் நான் தாஜ்மகாலில் ஆரம்பிக்கப் போவதில்லை. நான் செய்த ஒரு தப்பில் இருந்து ஆரம்பிக்கிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள், பரவாயில்லை. ஆனால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

கூலி வாங்கிச் செய்த தப்பு

முதல் வருடப் பரீட்சை முடிந்த லீவில், கொத்தனார் வேலை பார்க்கும் என் மாமாவோடு கையாளாகப் போனேன். ஒரு கிராமத்துக் கோயில். ஊர்ப் பெயர் வேண்டாம். கோயிலை ஒட்டி ஒரு பழைய மண்டபம். கீழே கல் தூண்கள், மேலே செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, சிமெண்ட் பூசி, பெயிண்ட் அடித்துக் கொடுக்க வேண்டும். இதுதான் வேலை.

மூன்றாம் நாள் உள்சுவரைக் கொத்திக்கொண்டிருந்தேன். வருடா வருடம் வெள்ளையடித்து வெள்ளையடித்து விரல் கனத்துக்கு ஏறியிருந்த சுண்ணாம்பு, பாளம் பாளமாக விழுந்தது. அடியில் காவி நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தட்டினேன். ஒரு குதிரையின் கால். அதற்கு மேலே வளையல் போட்ட ஒரு கை.

"மாமா, இங்க ஏதோ படம் மாதிரி தெரியுது."

மாமா சாரத்தில் இருந்து எட்டிப் பார்த்தார். "அந்தக் காலத்துல எவனாச்சும் கிறுக்கி வச்சிருப்பான். வெயில் ஏறுறதுக்குள்ள கொத்தி முடிடா மாப்ள. நாளைக்குப் பூச்சு ஆரம்பிக்கணும்."

கொத்தி முடித்தேன். குதிரையும் போனது, கையும் போனது. சாயங்காலம் அள்ளிக் கொட்டிய மண்ணோடு எல்லாம் போனது.

மாமா மேல் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலையை எடுத்தவருக்கு நாள் கணக்கு. ஊர்க்காரர்களுக்குக் கோயில் பளிச்சென்று இருக்க வேண்டும். ஆனால் நான்? ஒரு வருடம் பாலிடெக்னிக்கில் படித்தவன். ஒரு போட்டோ எடுத்திருக்கலாம். ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். குறைந்தபட்சம் ஒரு நாள் வேலையைத் தள்ளிப்போடச் சொல்லியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கூலியில்தான் மினி டிராஃப்டர் வாங்கினேன். இன்றைக்கும் டிராயிங் ஹாலில் அதைப் பலகையில் மாட்டும்போதெல்லாம் அந்தக் குதிரைக் கால் ஞாபகத்துக்கு வருகிறது.

இரண்டு மழைக்காலம் முடிந்து இந்தத் தை மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். நாங்கள் பூசிய சிமெண்ட் பூச்சு அங்கங்கே உப்பி நிற்கிறது. ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. கையால் தட்டினால் தகடாக வந்துவிடுகிறது. உள்ளே செங்கல் பொடிப்பொடியாக உதிர்கிறது. பழைய காரை எத்தனை மழையைத் தாங்கியது என்று எனக்குத் தெரியாது. எங்கள் பூச்சு இரண்டு மழையைத் தாங்கவில்லை.

சுண்ணாம்பு மூச்சு விடும்!

ஏன் இப்படி ஆனது? இது சாமி குத்தம் இல்லை நண்பர்களே. நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிற விஷயம்தான். நாம்தான் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்துவிட்டு விட்டுவிட்டோம்.

சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பு. மணலோடு சேர்த்து அரைத்துப் பூசினால், அது காற்றில் இருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகிறது. மாடு கட்டிக் கல் உருளையால் அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து, நாள் கணக்கில் புளிக்க வைத்துப் பூசினார்கள் நம் ஆட்கள். இந்தக் காரையில் நுண்ணிய துளைகள் உண்டு. மழைக்குச் சுவர் குடித்த தண்ணீர், வெயிலில் அந்தத் துளைகள் வழியாக வெளியே போய்விடும். கட்டடம் லேசாக அசைந்தாலும் காரை கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

சிமெண்ட் அப்படி இல்லை. புதுக் கான்கிரீட் கட்டடத்துக்கு அதுதான் ராஜா, மறுக்கவில்லை. ஆனால் பழைய மெல்லிய செங்கல்லை விட அது கெட்டியானது, இறுக்கமானது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழி இல்லை. ஈரத்தோடு இருக்கும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, கல்லை உள்ளிருந்தே உடைக்கிறது. வெளியே பார்த்தால் பூச்சு பளபளவென்று இருக்கும். உள்ளே சுவர் செத்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு நாங்கள் அந்த மண்டபத்துக்குச் செய்தது திருப்பணி இல்லை. அதன் மூக்கையும் வாயையும் பொத்தினோம்.

அழகர்கோவிலில் பார்த்த அதே கோடு

இரண்டாம் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேராக அழகர்கோவிலுக்குப் போனோம். நம்மில் எத்தனை பேர் எத்தனை தடவை போயிருப்போம்! மதுரையில் இருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். பதினெட்டாம்படிக் கருப்பனைக் கும்பிடுவோம், நூபுர கங்கையில் குளிப்போம், பழமுதிர்சோலையில் குரங்குக்குப் பயந்து தேங்காய் மூடியை ஒளித்து வைப்போம், கடைசியில் அழகர்கோவில் தோசை. கட்டடத்தை யார் பார்த்தோம்?

அன்றைக்கு வசந்த மண்டபத்தின் விதானத்தில் இராமாயணக் காட்சிகளை வரிசை வரிசையாகத் தீட்டியிருப்பதை அண்ணாந்து பார்த்தேன். நாயக்கர் கால பாணி. பல இடங்களில் மங்கிவிட்டது. ஆனால் அந்தக் காவி நிறக் கோடு... அதே கோடு! அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் எதைக் கொத்தி மண்ணோடு கொட்டினேன் என்று. கழுத்து வலிக்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன். "என்னடா, சாமி வந்திருச்சா?" என்று நண்பர்கள் கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு அழகர்கோவிலை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. ஊரைச் சுற்றி இரண்டு கோட்டைகள்: உள்ளே இரணியன் கோட்டை, வெளியே அழகாபுரிக் கோட்டை. பஸ்ஸில் வரும்போது அந்த மதிலுக்குள்தான் நுழைகிறோம். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூலவர் கருவறை வட்ட வடிவம். சதுரமாகக் கல் அடுக்குவதே பெரிய வேலை. வட்டமாக அடுக்க ஒவ்வொரு கல்லையும் வளைவுக்குத் தகுந்தபடி செதுக்க வேண்டும். சர்வே பிராக்டிகலில் ஒரு வளைவை மார்க் செய்ய நாம் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள்! கல்யாண மண்டபத்துத் தூண்களில் நரசிம்மர் இரணியனைக் கிழிக்கும் சிற்பத்தைப் பாருங்கள். கல்லில் ஒரு தடவை உளி தவறினால் திருத்த முடியாது. அழிரப்பர் கிடையாது.

கோபுரத்தைக் கவனியுங்கள். கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுதையும். உயரம் போகப் போக எடை குறைய வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள். நாம் மூன்று வருடம் படிக்கும் பாடத்துக்கு இதை விடப் பெரிய லேப் எங்கே இருக்கிறது?

மலையின் இன்னொரு பக்கம், கிடாரிப்பட்டி அருகே ஒரு குகைத்தளம் இருக்கிறது. சமணத் துறவிகளுக்காகக் கல்லில் படுக்கைகள் வெட்டிக் கொடுத்து, கொடுத்தவர்களின் பெயர்களைத் தமிழ் பிராமி எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 2000 வருடங்களுக்கு முந்தையது. கொடுத்தவர்கள் யார்? ராஜாக்கள் இல்லை. மதுரையில் பொன் வேலை செய்தவர், உப்பு விற்றவர், துணி விற்றவர், கொழு விற்றவர். கொழு என்றால் கலப்பையின் இரும்பு முனை. மெக்கானிக்கல் நண்பர்களே, உங்கள் ஆள்தான்!

அவர்களும் பாறையில் பெயர் எழுதினார்கள். நம் ஆட்களும் எழுதுகிறார்கள். ஒரு வித்தியாசம்: அவர்கள் ஒன்றைக் கொடுத்துவிட்டு எழுதினார்கள், நாம் சும்மா வந்து போனதற்கு எழுதுகிறோம்.

எதிரி யார்?

பழைய கட்டடங்களை அழித்தது அந்நியப் படையெடுப்பு என்றே படித்து வளர்ந்தோம். என் அனுபவத்தில் சொல்கிறேன்: இன்றைக்குப் பெரிய எதிரி, தெரியாமல் செய்யும் ரிப்பேர். மணலைப் பீய்ச்சியடித்துக் கல்தூணைச் சுத்தம் செய்கிறோம். எழுத்தும் சிற்பத்தின் முகமும் சேர்ந்தே சுத்தமாகிவிடுகின்றன. கல்வெட்டின் மேல் பெயிண்ட் அடிக்கிறோம். ஓவியத்தின் மேல் வெள்ளையடிக்கிறோம்.

"தொல்லியல் துறை என்ன செய்யுது?" என்று கேட்பீர்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இந்தியா முழுவதற்கும் சேர்த்துச் சுமார் 3,700 சின்னங்கள்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அறநிலையத் துறையின் கீழ் மட்டுமே 36 ஆயிரத்துக்கும் அதிகமான கோயில்கள். இவை போக ஊர் மண்டபங்கள், குளங்கள், மடைகள், சத்திரங்கள். இத்தனை இடத்திலும் ஒரு நிபுணர் வந்து நிற்க முடியுமா? அங்கே நிற்கப் போவது யார்? சைட் சூப்பர்வைசர். ஓவர்சீயர். மெஷர்மெண்ட் புக் எழுதுகிறவன். அதாவது, நாளைய தேதியில் நீங்களும் நானும்!

நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு பழைய கட்டடம் பிழைப்பதா சாவதா என்பதைப் பல இடங்களில் தீர்மானிக்கப் போவது டிப்ளமோக்காரன். "நிறுத்துங்க, போட்டோ எடுத்துட்டுக் கொத்தலாம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் நாம்தான் நிற்கப் போகிறோம். அந்த ஒரு வார்த்தை சொல்லத் தெரிந்தவனாக இந்தக் கல்லூரியை விட்டு வெளியே போக வேண்டும்.

மறுத்துப் பேசுபவர்களுக்கு...

"கோயில் என்ன மியூசியமா? சாமி கும்பிடற எடம். பன்னெண்டு வருசத்துக்கு ஒரு தடவை திருப்பணி பண்றது நம்ம வழக்கம்" என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். கோயில் உயிரோடு இருப்பதால்தான் கட்டடமும் நிற்கிறது. சித்திரையில் அழகர் மலையை விட்டு இறங்கி மதுரைக்கு வருவதால்தான் வழியில் மண்டகப்படி மண்டபங்கள் பிழைத்திருக்கின்றன. நான் திருப்பணி வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தச் சாந்தில் செய்தார்களோ அந்தச் சாந்தில் செய்யுங்கள், பார்த்துவிட்டுச் செய்யுங்கள் என்கிறேன்.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். பிற்காலத்தில் தொல்லியல் துறை என்ன செய்தது? மேலே இருந்ததைக் கொத்தி எறியவில்லை. நாயக்கர் ஓவியப் படலத்தை அப்படியே உரித்தெடுத்துத் தனிப் பலகையில் பதித்துவிட்டு, அடியில் இருந்த சோழர் ஓவியத்தையும் வெளியே கொண்டு வந்தது. இரண்டும் பிழைத்தன. சாமி கும்பிடுவதும் நிற்கவில்லை. நான் ஒரு மத்தியானத்தில் செய்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு கேள்வி: "வேலைக்கே வழியக் காணோம், இதுல பழங்கல்லு எதுக்குடா?" நியாயமான கேள்வி. ஆனால் சுண்ணாம்புச் சாந்து தெரிந்த கொத்தனார் இன்றைக்குத் தேடினாலும் கிடைப்பதில்லை. செட்டிநாட்டு வீடுகளை ஓட்டல்களாகப் புதுப்பிக்கிறார்கள். அங்கே தேவை இந்த வேலை தெரிந்த ஆட்கள்தான். தெரிந்தவன் குறைவு என்றால் தெரிந்தவனுக்கு மதிப்பு அதிகம். இது சாதாரணக் கணக்கு.

இரண்டு தீ விபத்துகள்

2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு. நம் மீனாட்சி அம்மன் கோயில் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீ. கடைகளில் பிடித்த தீயில் கருங்கல் தூண்களே வெடித்தன. கல் எரியாது, ஆனால் சூட்டில் கல்லுக்குள் இருக்கும் வெவ்வேறு கனிமங்கள் வெவ்வேறு அளவில் விரியும், கல் பிளந்துவிடும். பொருத்தமான கல்லைத் தேடிப் பிடித்து நாமக்கல் மாவட்டத்தில் இருந்து கொண்டு வரவே வருடக் கணக்கு ஆனது.

பதினான்கு மாதம் கழித்து, 2019 ஏப்ரல் 15, பாரிஸ் நகரத்து நோத்ர தாம் பேராலயத்தில் தீ. மரக் கூரை முழுவதும் சாம்பல். 2024 டிசம்பரில் மறுபடியும் திறந்துவிட்டார்கள். பணம் இருந்தது, உண்மைதான். பணத்தோடு இன்னொன்றும் இருந்தது. அளவுகள்! ஆண்ட்ரூ டாலன் என்ற பேராசிரியர் சில வருடங்களுக்கு முன்பே அந்தக் கட்டடத்தை லேசர் கருவியால் அளந்து வைத்திருந்தார். 2014-ல் ரெமி ஃப்ரோமோன், செட்ரிக் த்ரான்டசோ என்ற இரண்டு பேர், தங்கள் படிப்பின் ஒரு பகுதியாக அந்த மரக் கூரைக்குள் ஏறி, உத்தரம் உத்தரமாக அளந்து வரைபடம் போட்டிருந்தார்கள். அவர்கள் அளந்த கூரை ஐந்து வருடத்தில் எரிந்து போனது. அந்த வரைபடத்தை வைத்துத்தான் அதே மாதிரி ஓக் மரத்தில் மறுபடியும் கூரை போட்டார்கள்.

படிப்புக்காகப் போட்ட வரைபடம் நண்பர்களே! நாமும் செமஸ்டருக்கு எத்தனை ஷீட் போடுகிறோம். சீனியரின் ஷீட்டை அடியில் வைத்து டிரேஸ் எடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டு, அடுத்த வருடம் எடைக்குப் போடுகிறோம். அந்த ஷீட்களில் ஒன்று ஒரு ஊரின் மண்டபமாக இருந்தால்?

பாரிஸ் தூரம் என்றால் பக்கத்திலேயே சொல்கிறேன். மேலூர் அருகே அரிட்டாபட்டி. தமிழ் பிராமிக் கல்வெட்டும், பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும், சமணச் சிற்பமும் உள்ள மலைகள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் ஏறத்தாழ 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏல உரிமை கொடுக்கப்பட்டது தெரிந்து ஊர் ஊராகத் திரண்டார்கள். டிசம்பரில் சட்டசபையில் எதிர்த்துத் தீர்மானம். 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. போராட்டம் ஜெயித்தது என்று எல்லோருக்கும் தெரியும். எதை வைத்துப் போராடினார்கள்? எங்கள் மலையில் இன்ன கல்வெட்டு, இன்ன குடைவரை, இன்ன சுனை இருக்கிறது என்று சொல்ல அவர்களிடம் ஏற்கெனவே பதிவு இருந்தது. பதிவு இல்லாத மலை அரசுக் காகிதத்தில் வெறும் பாறைதான்.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. நம் கைக்கு எட்டுகிற நாலு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று: இண்டஸ்ட்ரியல் விசிட் என்று கம்பெனிக்குப் போகிறோமே, அதில் ஒரு நாளை அழகர்கோவிலுக்கு ஒதுக்கக் கேட்போம். கோயில் ஆபீஸில் அனுமதி வாங்கி, டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு, கோட்டை மதிலில் இருந்து வசந்த மண்டபம் வரை ஒரு சாரோடு சுற்றுவோம். தோசையும் சாப்பிடலாம், தடையில்லை!

இரண்டு: சிவில் மாணவர்கள் பேட்சுக்கு ஒன்றாக, அவரவர் ஊரில் உள்ள ஒரு பழைய மண்டபத்தையோ மடையையோ அளந்து வரைபடம் போட்டு, ஒரு பிரதி நம் லைப்ரரியில் வைப்போம். மற்ற டிபார்ட்மெண்ட் நண்பர்கள் போட்டோ எடுக்கட்டும், கம்ப்யூட்டரில் ஏற்றட்டும்.

மூன்று: மெட்டீரியல் லேபில் ஒரு தடவையாவது சுண்ணாம்பை நீற்றி, சாந்து அரைத்து, ஒரு செங்கல் சுவரில் பூசிப் பார்ப்போம். பக்கத்திலேயே சிமெண்ட் பூசி, இரண்டிலும் தண்ணீர் ஊற்றி, எது எப்படிக் காய்கிறது என்று நாமே பார்ப்போம்.

நான்கு: எந்தச் சுவரிலும் பாறையிலும் பெயர் எழுதுவதை நிறுத்துவோம். காதலியின் பெயராக இருந்தாலும் சரி, தலைவரின் பெயராக இருந்தாலும் சரி!

முடிக்கும் முன்பு ஒன்று. அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு உருவம் கிடையாது. மூடிய கதவுக்குத்தான் சந்தனம் பூசிக் கும்பிடுகிறோம். நம் பக்கத்தில் தீராத வழக்கு என்றால் அந்த வாசலில் வந்து சத்தியம் செய்வார்கள். அங்கே பொய்ச் சத்தியம் செய்ய எந்தக் கொம்பனுக்கும் தைரியம் வராது.

போன மாதம் மாமாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். வசந்த மண்டபத்தைக் காட்டினேன். வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "அன்னைக்கு நாம கொத்துனது இதுதானாடா?" என்று கேட்டார். "ஆமா மாமா" என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. திரும்பி வரும்போது கருப்பன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "இனிமே பாக்காம கொத்த மாட்டேன் சாமி" என்று சத்தமாகவே சொன்னார்.

நானும் சொன்னேன்.

நண்பர்களே, அந்த வாசலில் நமக்கெல்லாம் இடம் இருக்கிறது.

— ஒரு மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்